முதுகில் போட்ட ஊசி

மான்குர்த்தில் ஒரு நர்சிங் ஹோம். மாடிப்படி ஏறியதும் இடது பக்கம் ஆபரேஷன் தியேட்டர். செருப்பைக் கழற்றச் சொல்லித் தரையில் ஒரு சிவப்புக் கோடு போட்டிருப்பார்கள். ஒரு மழைக்காலக் காலையில் அந்தக் கோட்டின் மேலேயே ஓர் அம்மாள் கதவில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அது வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவு. அவர் எழுந்தால்தான் யாரும் உள்ளே போக முடியும்.

பெயர் பேச்சியம்மாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி பம்பாய் வந்து, சீத்தா கேம்ப்பில் குடியிருப்பவர். மருமகள் கவிதாவைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வந்திருந்தார். மகன் முருகன் ஏசி மெக்கானிக். அன்றைக்கென்று அம்பர்நாத்தில் ஏதோ கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். ரயில் வழியெல்லாம் தண்ணீர். போனும் எடுக்கவில்லை.

வலி வந்தும் பிரசவம் நகரவில்லை. குழந்தை உள்ளேயே மலம் கழித்திருந்தது. அதன் இதயத்துடிப்பு அவ்வப்போது சறுக்கியது. நர்சிங் ஹோமின் முதலாளியும் பிரசவ டாக்டருமான மேடம், சிசேரியன்தான் என்று சொல்லிவிட்டார்.

பேச்சியம்மாள் அதற்குத் தடை சொல்லவில்லை. வயிற்றைக் கிழிக்கலாம், தைக்கலாம், ரத்தம் ஏற்றலாம். ஒன்றே ஒன்றுதான் கூடாது.

"முதுவுல ஊசி போடப்பிடாது. முழுசா மயக்கம் குடுத்துச் செய்யுங்க. எம் மருமவ முதுவுல கை வெக்க மாட்டோம்னு சொல்லுங்க, நான் எந்திரிக்கேன்."

அந்த ஊசியைப் போட வந்தவள் நான்தான்.

உசந்த நர்ஸ்

என் தொழில் என்னவென்று இந்தப் பக்கங்களில் முன்பே சொல்லியிருக்கிறேன். இருந்தாலும் தாதர் வாசகர் ஒருவர், "மயக்க மருந்து கொடுப்பவர் டாக்டரா, கம்பவுண்டரா?" என்று கேட்டிருக்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். என் சொந்தச் சித்தப்பாவே என் கல்யாணம் வரை என்னை நர்ஸ் என்றுதான் நினைத்திருந்தார். எடுத்துச் சொன்ன பிறகு, "கொஞ்சம் உசந்த நர்ஸ்" என்று திருத்திக்கொண்டார்.

செம்பூரில் வீடு. அங்கிருந்து ஹார்பர் லைன் ரயிலில் கோவண்டி, மான்குர்த் என்று நர்சிங் ஹோம் நர்சிங் ஹோமாகப் பையைத் தூக்கிக்கொண்டு போகும் மயக்க டாக்டர் நான். எங்கள் கூட்டத்துக்கு வாசலில் போர்டு கிடையாது. எங்கள் நோயாளி என்று சொல்லிக்கொள்ள ஒருவரும் கிடையாது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால், வெட்டியவருக்குப் பேடா டப்பா. துடைத்த ஆயாவுக்குப் புடவை. லிஃப்ட் கதவைத் திறந்துவிட்ட வாட்ச்மேனுக்குக்கூட லட்டு. தலைமாட்டில் நின்று மூச்சையும் ரத்த ஓட்டத்தையும் காவல் காத்தவளை யாருக்கும் ஞாபகம் இருக்காது. அதில் எங்கள் பங்கும் உண்டு. ஞாபகம் போகத்தானே மருந்து கொடுக்கிறோம்.

பழி என்று வந்தால் மட்டும் அது வழி தவறாமல் எங்கள் வீட்டுக்கு வந்து சேரும்.

மாட்டுங்காவின் முதுகுகள்

மாட்டுங்காவில் எங்கள் குடும்பத்தில் ஒரு கல்யாணம். பாலக்காட்டிலிருந்து வந்து மூன்று தலைமுறையாக பம்பாய் ஆபீஸ்களில் நாற்காலி தேய்த்த குடும்பம். சாப்பாடு முடிந்து நான் மின்விசிறிக்கு அடியில் இடம் பிடித்ததும் மன்னி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மன்னி என்றால் என் அண்ணாவின் மனைவி. அவளுக்கு இரண்டு சிசேரியன். இரண்டு பிள்ளைகளும் வேலைக்குப் போய், ஒருவனுக்கு முன்மண்டை வழுக்கைகூட விழுந்தாகிவிட்டது. அவள் முதுகு மட்டும் இன்னும் அந்த ஆபரேஷன் மேஜையை விட்டு இறங்கவில்லை.

"இதோ, இங்கதான்டீ குத்தினான். மழை வந்தா உள்ளேர்ந்து இழுக்கறது," என்று பட்டுப்புடவைத் தலைப்பை விலக்கிக் காட்டினாள்.

அவள் காட்டிய இடம் தோள்பட்டைக்குச் சற்றுக் கீழே. சிசேரியனுக்கு அங்கே யாரும் குத்த மாட்டார்கள் என்று சொன்னேன்.

"அப்போ நகர்ந்து வந்திருக்கும்," என்றாள்.

அதற்குள் இன்னும் நாலைந்து பேர் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள். எல்லோருக்கும் முதுகு. எல்லா முதுகிலும் ஓர் ஊசி. நாள் முழுக்கக் குனிந்து கோலம் போட்டதும், நின்றுகொண்டே ரயிலில் போய் வந்ததும், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே குக்கரைத் தூக்கியதும் அந்த முதுகுகளை ஒன்றும் செய்யவில்லை. தையல் ஊசியைவிட மெல்லிய ஒன்று, ஒரு நிமிஷம் உள்ளே போய் வந்ததுதான் எல்லாவற்றையும் செய்திருந்தது. போட்டவர்கள் யார் யாரோ. பதில் சொல்ல வேண்டியவள் நான்.

ஆண்கள் பக்கம் வேறு கதை. என் அத்திம்பேர் ஒருவர் எல்லோரிடமும், "எனக்கு ஸ்பைனல் கார்ட்ல கேப் விழுந்துடுத்து," என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற பாங்க் அதிகாரி. முதுகெலும்பு வேறு, அதற்குள் பத்திரமாக ஓடும் தண்டுவடம் வேறு என்பதை நான் அவருக்கு எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் தேய்மானம் வரலாம். கார்ட் என்கிற தண்டுவடத்திலேயே இடைவெளி விழுந்திருந்தால், பாயசம் இன்னொரு தடவை வரவில்லை என்று பந்தியிலிருந்து எழுந்து சமையற்காரரைத் தேடிக்கொண்டு போயிருக்க முடியாது.

பைஜாமா நாடா

தண்டுவடத்தை நான் முதன்முதலில் பார்த்தது மருத்துவக் கல்லூரியின் அறுவைக்கூடத்தில். பார்மலின் நெடியில் கண்ணும் மூக்கும் ஒழுக, ஒரு தட்டைச் சுற்றி நாங்கள் கூட்டமாக நின்றோம். மூளை இடும் கட்டளை முழுவதும் கை கால்களுக்கு அதன் வழியாகத்தான் போகிறது என்று அதற்கு முன்பே படித்திருந்தோம். அதனால் பிரமாதமாக ஏதோ வரப்போகிறது என்று காத்திருந்தோம்.

பேராசிரியர் தட்டில் வைத்தது, சுண்டுவிரல் தடிமனில், ஒன்றரை அடி நீளத்தில், அழுக்கு வெள்ளையாக ஒரு சமாச்சாரம். ஒரு சின்ன எலுமிச்சம்பழத்தின் எடைகூட இருக்காது. என் பக்கத்தில் நின்ற சிநேகிதி, பைஜாமா நாடா மாதிரி இருக்கிறதே என்று காதோரம் சொன்னாள். மனிதன் நிமிர்ந்து நடப்பதற்கும் கர்வப்படுவதற்கும் இந்த நாடாதான் காரணம் என்பதை ஏற்றுக்கொள்ள எனக்குச் சில நாட்கள் பிடித்தன.

பேராசிரியர் மராட்டியர். கோபம் வந்தால் குரல் தாழும். இது எங்கே முடிகிறது என்று கேட்டார். முன்வரிசைப் பையன் ஒருவன், வால் எலும்பு வரைக்கும் போகிறது என்று தயங்காமல் சொன்னான். பேராசிரியர் குரலைத் தாழ்த்தி, நீ நிறைய சம்பாதிப்பாய் என்றார். அவர் வாக்கு பலித்தது. அவன் இன்று ஒரு முதுகெலும்பு ஆஸ்பத்திரிக்குச் சொந்தக்காரன்.

உண்மை அப்படி இல்லை. கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் தண்டுவடமும் முதுகெலும்பும் ஒரே நீளம்தான். அதற்குப் பிறகு எலும்பு வேகமாக வளர்கிறது. தண்டுவடம் அந்த ஓட்டத்துக்கு ஈடு கொடுக்காமல் பின்தங்கிவிடுகிறது. வளர்ந்த மனிதரில் அது இடுப்புக்குச் சற்று மேலே, கடைசி விலா எலும்புக்குக் கொஞ்சம் கீழே முடிந்துவிடும். அதற்குக் கீழே கால்களுக்கும் மற்ற இடங்களுக்கும் போகும் நரம்புகள் மட்டும் கொத்தாகத் தொங்கும். குதிரையின் வால் என்றே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். சுற்றிலும் தெளிந்த நீர். எல்லாவற்றையும் மூடி உறைகள்.

நாங்கள் ஊசி போடுவது அந்த வால் பகுதியில். தண்டுவடம் முடிந்து வெகு கீழே. எங்கள் பிழைப்பு முழுவதும் எலும்பு வளர்ந்து நாடா வளராமல் போன அந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

இரண்டு விரல்

பேச்சியம்மாள் கதவை அடைத்துக்கொண்டிருக்க, நான் முதலில் பிரசவ அறையிலிருந்த கவிதாவைப் பார்க்கப் போனேன். இருபதைத் தாண்டிய பெண். மான்குர்த்தில் பிறந்து வளர்ந்தவள். வலிக்கு நடுவில் ஹிந்தியிலும் தமிழிலும் மாறி மாறி முனகிக்கொண்டிருந்தாள்.

சட்டப்படி அவள் கையெழுத்துப் போட்டால் போதும். வயது வந்தவள், புத்தி தெளிவாக இருப்பவள், முதுகும் அவளுடையது. ஆனால் எங்கள் ஊர் நர்சிங் ஹோம்களில் பெண்ணின் கையெழுத்தைப் பேப்பரில் வாங்குவோம், சம்மதத்தை மாமியார் முகத்தில் தேடுவோம். மேடத்துக்கு இந்த நடைமுறை மனப்பாடம். போய் அந்த அம்மாவைச் சமாளியுங்கள் என்று என்னை அனுப்பியதே அவர்தான். முடியாவிட்டால் முழு மயக்கமே கொடுத்துவிடுங்களேன், என்ன வந்துவிடப்போகிறது என்றும் சொல்லி வைத்தார்.

என்ன வந்துவிடும் என்பது கவிதா வாயைத் திறந்தபோது தெரிந்தது. முழு மயக்கம் கொடுக்கும் முன் வாயை அகலத் திறக்கச் சொல்லிப் பார்ப்பது எங்கள் வழக்கம். மயங்கியதும் மூச்சுக்குழாய்க்குள் ஒரு டியூபை இறக்க வேண்டும். கவிதா முயற்சி செய்தாள். என் இரண்டு விரல் நுழையவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன். கன்னத்தின் உட்புறம் வெளுத்து, தோல் செருப்பு மாதிரி விறைத்துக் கிடந்தது.

இந்தப் பக்கத்தில் அதை நிறையப் பார்த்திருக்கிறேன். பெட்டிக்கடைகளில் சரம் சரமாகத் தொங்கும் சுபாரி என்கிற பாக்குத்தூள் பாக்கெட் செய்யும் வேலை. எத்தனை வருஷமாக என்று கேட்டேன். பள்ளிக்கூட நாளிலிருந்து என்றாள்.

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தைகிட்ட சொல்லிடாதீங்க மேடம். மாமா வாயில கேன்சர் வந்துதான் போனாரு. அத்தைதான் எல்லாம் பாத்தாங்க. மாலும் ஆச்சுன்னா, தெரிஞ்சுதுன்னா ஒடைஞ்சிடுவாங்க."

அதோடு, பிரசவத்துக்குத் தெம்பு வேண்டும் என்று காலையில் வயிறு முட்ட முட்டைக்குழம்பும் சோறும் கொடுத்துத்தான் கூட்டி வந்திருந்தார் அந்த அத்தை. நிறைந்த வயிறு, திறக்காத வாய். இவளுக்கு முழு மயக்கம் கொடுத்து, டியூப் இறங்காமல் போனால், வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் போகும். அதற்குப் பிறகு தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை.

முதுகு ஒன்றுதான் வழி. ஏன் ஒன்றுதான் என்பதைச் சொல்லக் கூடாது.

கோட்டின் மேல்

நான் போய் பேச்சியம்மாள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். பினாயில் ஈரம் புடவையில் ஏறியது. மேடம் தூரத்தில் நின்று, ஒரு டாக்டர் தரையில் உட்காரும் காட்சியைச் சகித்துக்கொண்டிருந்தார்.

சோறு சாப்பிட்டிருக்கிறாள், அதனால் முழு மயக்கம் ஆபத்து என்று ஆரம்பித்தேன். பேச்சியம்மாள் உடனே, அப்படியானால் சோறு போட்டது என் குற்றமா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்புறம் ஏன் அதைச் சொல்கிறீர்கள் என்றார். என் முதல் வாதம் அத்தோடு முடிந்தது.

அப்புறம், எங்கள் தொழிலில் நோயாளியின் மாமியாரிடம் யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டேன். உங்களுக்கு முன்னால் அந்த ஊசி போட்டிருக்கிறார்களா?

கர்ப்பப்பை எடுத்தபோது போட்டிருக்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரி. எதற்கு, எங்கே என்று யாரும் சொல்லவில்லை. குனி என்றார்கள், குனிந்தார். குத்தினார்கள். ஆபரேஷன் முடிந்து வார்டில் கொண்டுவந்து போட்டார்கள். எழுந்திருக்கலாம் என்று பார்த்தால் கால் இரண்டையும் காணவில்லை. கண்ணால் பார்த்தால் இருக்கிறது. தொட்டால் வேறு யாருடைய காலையோ தொடுகிற மாதிரி இருக்கிறது. ஆயாவைக் கேட்டால் பேசாமல் படு என்றாளாம். டாக்டர் கூட்டம் ஒன்று வந்தது. அவர்கள் கட்டிலுக்குக் கட்டில் இங்கிலீஷில் பேசிக்கொண்டே போய்விட்டார்கள்.

"வீட்டுல மூணு புள்ளைய. அவரு அப்பவே குடிதான். காலில்லாம நான் போயி என்ன செய்ய. ஜன்னல் எவ்வளவு தூரத்துல இருக்குன்னு பாத்துக்கிட்டே கெடந்தேன், ஊர்ந்து போயி விழுந்துரலாமான்னு. சாயந்தரம் கட்டவெரலு அசைஞ்சுது. அதுக்குப் பொறவுதான் எனக்குச் சீவனே வந்துது."

என் முகத்தைப் பார்த்தார்.

"காலு திரும்ப வரும்னு ஒரு வார்த்த சொல்லுததுக்கு ஒங்களுக்கெல்லாம் வாய் வலிக்குமா டாக்டரம்மா?"

எங்கள் மாநாடுகளில் இந்த ஊசியின் நுனி எந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்று மதியச் சாப்பாட்டையும் மறந்து சண்டை போடுவோம். ஊசி வாங்குகிறவளிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதற்கு ஒரு பொழுதும் ஒதுக்கியதில்லை.

அவர் முதுகைக் காட்டச் சொன்னேன். புடவை மேலேயே கடைசி விலா எலும்புக்குக் கீழே விரல் வைத்து, தண்டு மாதிரி இருக்கிற முக்கியமான நரம்பு இத்தோடு முடிந்தது என்றேன். பிறகு இடுப்பு எலும்பு இரண்டின் மேல்விளிம்பையும் தொட்டு, அந்த மட்டத்தில் நடு முதுகில் அழுத்தி, நான் குத்தப் போவது இங்கே என்றேன். அவர் தன் கையைப் பின்னால் கொண்டுவந்து, என் இரண்டு விரலுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று தடவிப் பார்த்துக்கொண்டார்.

அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டார். தண்ணீர் என்றேன். அதில் காலுக்குப் போகும் நரம்புகள் நூல் நூலாக மிதக்கும். ஊசி போனால் விலகிக்கொள்ளும். அந்தத் தண்ணீரில் மருந்தைக் கலப்பேன். நூல்கள் சில மணி நேரம் மரத்துக் கிடக்கும். மருந்து தீர்ந்ததும் கால் திரும்ப வரும்.

"எல்லா நூலும் வெலகிருமா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் திறந்தும்விட்டேன். ஆனால் அவர் பார்த்த பார்வையில் அது வரவில்லை. "அநேகமா எல்லாமே விலகிடும்மா. எப்பவாவது ஒண்ணு பட்டுடும். பட்டா கால்ல கரன்ட் அடிச்ச மாதிரி இருக்கும். அவ சொன்ன உடனே நான் ஊசியை எடுத்துடுவேன். அதுக்கு மேல பெரிசா ஆகறது ரொம்ப ரொம்ப அபூர்வம். ஆகவே ஆகாதுன்னு மட்டும் என்னால சொல்ல முடியாது."

மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். இவளை அனுப்பியதே தப்பு என்று அந்தக் கை சொன்னது.

பேச்சியம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லியிருந்தியன்னா நான் எந்திரிச்சிருக்க மாட்டேன்," என்றார். உள்ளே தானும் வருவேன் என்பது அவருடைய ஒரே நிபந்தனை.

மேடம் சுத்தம், கிருமி என்று விதிமுறை பேச ஆரம்பித்தார். அந்தத் தியேட்டரின் ஜன்னலில் ஒரு புறா கூடு கட்டியிருந்தது. நான் ஜன்னலைப் பார்த்தேன். மேடமும் பார்த்தார். பேச்சியம்மாளுக்கு கவுனும் தொப்பியும் வந்தன.

அசையாத

ஊசி போடும்போது கவிதா மேஜை ஓரத்தில் உட்கார்ந்து, முதுகை வில் மாதிரி வளைத்து, அசையாமல் இருக்க வேண்டும். நிறைமாத வயிறோடு, வலி வந்துகொண்டிருக்கும்போது, வளைந்து அசையாமல் இரு என்று சொல்வது எவ்வளவு நியாயமான வேண்டுகோள் என்பது ஆண் டாக்டர்கள் எழுதிய புத்தகங்களில்தான் விளங்கும்.

பேச்சியம்மாள் எதிரில் நின்று அவள் தலையைத் தன் தோளில் வாங்கிக்கொண்டார். இரண்டு கையாலும் தோள்களை அணைத்துப் பிடித்தார். நான் முதுகைத் துடைத்தேன். ஸ்பிரிட்டின் குளிர்ச்சி பட்டு அவள் சிலிர்த்தாள். தொடும் முன் இடத்தையும், குத்தும் முன் குத்தப்போவதையும் சொன்னேன். பாதியில் ஒரு வலி வந்தது. அந்த உடம்பு முழுக்க முறுக்கேறுவது என் விரலுக்குத் தெரிந்தது.

"அசையாத புள்ள. எம் மேல சாஞ்சுக்க. என்னக் கடிக்கணும்னா கடிச்சுக்க," என்றார் பேச்சியம்மாள்.

வலி இறங்கியது. ஊசி தோலைத் தாண்டி, கெட்டியான தசைநாரைத் தாண்டிப் போயிற்று. உறையைத் துளைக்கும்போது விரலில் ஒரு சிறிய விடுபடல் தெரியும். அது தெரிந்தது. பின்முனையில் தண்ணீர் ஒரு துளி திரண்டு நின்றது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்தத் துளியைப் பார்த்தால்தான் எனக்கு மூச்சு வரும். மருந்தைச் செலுத்தினேன்.

கால் முதலில் சூடாகும், பிறகு கனக்கும், பிறகு உன்னுடையதாகவே இருக்காது, சாயந்திரம் திரும்ப வந்துவிடும் என்று கவிதாவிடம் சொன்னேன். நான் ஒரு முறைதான் சொன்னேன். மேடம் வயிற்றைத் திறந்து முடிக்கும்வரை பேச்சியம்மாள் அவள் காதருகே அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். சூடாவும், கனக்கும், வந்துரும். சூடாவும், கனக்கும், வந்துரும்.

பெண் குழந்தை. வெளியே வந்ததும் கொஞ்சம் யோசித்துவிட்டு அழுதது. அழுகை கேட்டதும் கவிதா கண்ணை மூடிக்கொண்டாள். சாயந்திரம் நான் கிளம்பும்போது வார்டில் எட்டிப் பார்த்தேன். போர்வைக்கு வெளியே நீண்டிருந்த அவள் கட்டைவிரலை பேச்சியம்மாள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அது அசைந்தது.

வழக்கம்போலப் பேடா டப்பா மேடத்துக்குப் போயிற்று.

முருகனின் கேள்வி

சில வாரங்கள் கழித்து வேறொரு ஆபரேஷனுக்காக அதே நர்சிங் ஹோம் போனேன். மேடத்தின் அறையில் மூன்று பேரும் குழந்தையோடு உட்கார்ந்திருந்தார்கள். முருகனை அன்றுதான் முதலில் பார்க்கிறேன். நல்ல உயரம், அகலமான தோள். யாரைப் பார்த்தாலும் எழுந்து நிற்கும் பையன்.

கவிதாவுக்கு முதுகு வலி. மேடம் விசாரிப்பதற்குள் பேச்சியம்மாள் முந்திக்கொண்டு, "ஊசி போட்ட எடந்தான். அன்னையிலேருந்தே வலிக்குங்கா," என்று அறை அதிரச் சொன்னார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. மாட்டுங்கா மாமிகளாவது பார்க்காமல் பேசுகிறார்கள். இந்த அம்மாள் என் விரலைத் தன் முதுகில் வைத்து அளந்து பார்த்தவர். கூட நின்று துளியைப் பார்த்தவர். ஒரு மருந்தைக் காட்டும் சாக்கில் அவரை வராந்தாவுக்குக் கூட்டிப் போனேன். அந்த ஊசித் துளை எப்போதோ ஆறியிருக்கும், வலிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, நீங்களே இப்படிச் சொல்லலாமா என்று பொரிந்து தள்ளினேன்.

அவர் முழுவதும் கேட்டுக்கொண்டார்.

"ஊசி இல்லன்னு எனக்குத் தெரியாதா. சந்துக் கொழாயில வெடிய முன்ன தண்ணி வரும். டிரம்மு ரொப்பணும். அங்கேருந்து ஏணியில ஏறி மேல் ரூமுக்குக் கொடம் கொடமா தூக்கணும். எனக்கு மூட்டு போச்சு. பச்ச ஒடம்போட அவதான் தூக்குதா. தண்ணி தூக்கித்தான் முதுவு வலிக்குன்னு சொல்லிப் பாத்தேன். எல்லா வீட்டுலயும் பொம்பளையதான தூக்குதாங்கன்னுட்டான் எம் மவன். கெட்ட பய இல்ல. தோணல, அவ்வளவுதான். டாக்டர் போட்ட ஊசின்னா பயப்படுவான்."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வாய் சங்கதியும் எனக்குத் தெரியும். சோத்த உருட்டி உருட்டி உள்ள தள்ளுதத வந்த நாளையிலேருந்து பாக்கேன். நான் அவரு வாய வெச்சுப் பாத்தவ. பல்லு டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போய்க்கிட்டுதான் இருக்கேன். அத நான் பாத்துக்கிடுதேன். முதுவ மட்டும் நீங்க பாத்துக்கிடுங்க."

மன்னியின் நினைவு வந்தது. இரண்டாவது சிசேரியனுக்குப் பிறகு எங்கள் வீட்டில் கல் உரலை அண்ணாதான் நகர்த்தினான். காஸ் சிலிண்டரையும் அவன்தான் உருட்டினான். மன்னிக்கு முதுகில் ஊசி போட்டிருக்கிறது என்று எல்லோரும் பயபக்தியோடு சொல்வோம். களைத்துவிட்டாள் என்று யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அண்ணா எழுந்திருப்பானா என்பது எனக்கு நிச்சயமில்லை. அந்தக் கல்யாணத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்த அத்தனை பேரிடமும் உடற்கூறு பேசி ஜெயித்துவிட்டதாக நினைத்து வீட்டுக்கு வந்தவள் நான்.

அறைக்குத் திரும்பினோம். முருகன் எழுந்து நின்றான். ஊசியால்தான் வலி என்று அம்மா சொல்கிறார்களே, நிஜமா என்று கேட்டான். மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். இந்த மூடநம்பிக்கையை எதிர்த்து நான் மேடையேறிப் பேசியதை முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவர் அவர்.

"ஊசி போட்ட முதுகு," என்றேன். "பாரம் தூக்கக் கூடாது."

தனித்தனியே எடுத்தால் இரண்டு வாக்கியமும் உண்மை. சேர்த்துக் கேட்டால்தான் பொய்.

எவ்வளவு நாளைக்கு என்று கேட்டான். பேச்சியம்மாள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை ஓடியாடும் வரைக்கும் என்றேன். கவிதா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஆரம்பித்ததை அரைகுறையாக விடுவானேன் என்று, "உங்க அம்மாவுக்கும் முன்னாடி அதே ஊசி போட்டிருக்கு. அவங்களும் தூக்கக் கூடாது," என்று சேர்த்துக்கொண்டேன்.

முருகன் தலையாட்டினான். பயந்துதான் போயிருந்தான். மனைவியையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு, கொஞ்சமும் விளையாட்டில்லாமல், நிஜமான கவலையோடு கேட்டான்.

"அப்ப தண்ணிய யாரு மேடம் தூக்குவா?"

கவிதா குழந்தையை மடி மாற்றிப் போட்டுக்கொண்டாள். நாங்கள் நாலு பேரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.